கோசாலை எழுந்த விதம்

ரமணாசிரமத்துக்குப் போகிறவர்கள் சமாதி மண்டபத்தில் உட்காருவார்கள், மயில்களைப் பார்ப்பார்கள், பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார்கள். கோசாலைப் பக்கம் நின்று சுவரைக் கவனிப்பவர்கள் குறைவு. ஒரு கட்டட வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அந்தச் சுவரின் கதையே போதும்.

1922-ல் ரமணரின் தாய் அழகம்மாளின் சமாதி மலையடிவாரத்தில் அமைந்தபோது அங்கே பெரிதாக எதுவும் இல்லை. 1928-ல் வந்து சேர்ந்த அண்ணாமலை சுவாமி என்ற இளைஞரிடம் பின்னாளில் கட்டட மேற்பார்வை போனது. அவர் பொறியியல் படித்தவரல்ல. ரமணர் காகிதத்தில் கோடு போட்டுக் காட்டுவார், வரைபடம் அவ்வளவுதான். வேலை நடக்கும் இடத்துக்கு அவரே வந்து பார்ப்பதும் உண்டு.

பசு லட்சுமிக்குக் கோசாலை கட்டும் பேச்சு வந்தது. ஆசிரமத்தை நிர்வகித்த ரமணரின் தம்பி சின்னசுவாமி, செலவை எண்ணிச் சிறியதாகப் போதும் என்றார். ரமணரோ பெரியதாகக் கட்டச் சொன்னார். சொன்னது தாம் என்று காட்டிக்கொள்ளவும் வேண்டாம் என்றார். ஏச்சு வாங்கியவர் அண்ணாமலை சுவாமி! இன்று எந்த சைட்டுக்குப் போனாலும் இந்த மூவரையும் பார்க்கலாம்: ஆசைப்படுபவர், கணக்குப் பார்ப்பவர், நடுவில் மாட்டிக்கொண்ட மேஸ்திரி.

தாயின் சமாதிமேல் மாத்ருபூதேசுவரர் ஆலயம் எழுந்தது வேறு வேகத்தில். 1939-ல் தொடங்கிய வேலை. கும்பாபிஷேகம் 1949 மார்ச் 17. இடையில் ஓர் உலகப்போரே வந்துபோனது. வைத்தியநாத ஸ்தபதியின் கைவண்ணம் அது. கருங்கல்லில் அவசரம் செல்லாது: உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கிப் பிளந்து, செதுக்கி, பிறகுதான் ஏற்ற முடியும். அளவு தவறிய கல்லை ஒட்டவைக்க வழியில்லை.

ஆசிரமத்தைச் சுற்றி, செங்கம் சாலையின் இருபுறமும் இன்று எழும் வீடுகளும் விடுதிகளும் மாதக்கணக்கில் முடிந்துவிடுகின்றன. வரிசை மட்டும் மாறவில்லை. வானம் தோண்டி, அஸ்திவாரம் போட்டு, தூக்குக்குண்டு பிடித்துக் கொத்தனார் சுவர் எழுப்புவார். செங்கல்லும் கலவையும் சித்தாள் பெண்களின் தலையில் ஏறும். அவர்கள் கூலி மட்டும் கொத்தனார் கூலியை எட்டுவதே இல்லை. சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி முடிந்ததும் கான்கிரீட் நாள். அன்று பாதியில் நிறுத்தக்கூடாது. காய்ந்துபோன முனையில் புதுக் கலவை சரியாகப் பிடிக்காது, பின்னால் அங்கேதான் மழைநீர் கசியும்.

மறுநாள் சைட் வெறிச்சோடும். முக்கியமான வேலை அப்போதுதான் ஆரம்பம். சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகும். சிமெண்ட் இறுகுவதற்குத் தண்ணீர் வேண்டும். வெறுமனே உலர்வதால் அது கெட்டியாவதில்லை. நம் வெயிலில் ஈரம் பறந்துவிட்டால் உறுதி குறையும், வெடிப்பும் விழும். அதனால்தான் தளத்தில் மணலாலோ கலவையாலோ பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்கள். இந்திய விதிமுறை சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த வகைக்கு 10 நாள் கேட்கிறது. கடையில் இன்று பெரும்பாலும் விற்பது இரண்டாவது வகைதான்.

வீடு கட்டுகிறவர்கள் பூமிபூஜைக்கும் கான்கிரீட் நாளுக்கும் தவறாமல் வருகிறார்கள். அடுத்த பத்து நாளும் ஒருமுறையாவது மாடி ஏறி, பாத்தியில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள்.