25,000 ரூபாய்க்கு எந்த லேப்டாப்?

டீ வருவதற்குள் உங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வோம். பெண் பி.காம். சேர்ந்திருக்கிறாள், கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. அந்த விலைக்கு ஆன்லைனில் சீல் பிரிக்காத புது லேப்டாப் வருகிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதைவிடக் கொஞ்சம் குறைத்தே, 2018-இல் வந்த திங்க்பேட் ஒன்றை ரீஃபர்பிஷ்ட் என்று சொல்லித் தருகிறார்கள். வீட்டில் யாரைக் கேட்டாலும் "காசு கொடுத்து எதற்குப் பழசு?" என்கிறார்கள். நான் பழசைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் எல்லாப் பழசையும் அல்ல. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் புதுசு எவ்வளவு புதுசு என்று பார்ப்போம். இந்த விலையில் விற்கும் பல லேப்டாப்புகளில் இருப்பது செலரான் என்4020 மாதிரியான பிராசஸர். இன்டெல் அதை வெளியிட்டது 2019 கடைசியில். அதில் இரண்டே கோர். ராம் 4 ஜிபி, அதுவும் போர்டிலேயே சால்டர் செய்தது. சேமிக்கும் இடமோ 64 ஜிபி இஎம்எம்சி. அதையும் கழற்றி மாற்ற முடியாது, எஸ்எஸ்டியின் வேகமும் கிடையாது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச அளவே 4 ஜிபி ராமும் 64 ஜிபி இடமும்தான். அதாவது வாசற்படியில் கால் வைக்க மட்டும் அனுமதி. குரோமில் நாலு டேப், ஒரு எக்செல், பக்கத்தில் ஆன்லைன் வகுப்பு என்று திறந்தால் திணற ஆரம்பித்துவிடும். அட்டைப்பெட்டியும் ஸ்டிக்கரும் புதுசுதான், மறுக்கவில்லை.

ரிச்சி ஸ்ட்ரீட் லேப்டாப்பின் கதை வேறு. லெனோவோ திங்க்பேட் டி480, டெல் லாட்டிட்யூட் 7490, எச்பி எலைட்புக் 840 ஜி5 ஆகிய மூன்றும் 2018-ஐச் சேர்ந்தவை, கம்பெனிகளுக்காகவே செய்தவை. பெரிய கம்பெனிகள் இவற்றை மூன்று நான்கு வருடக் குத்தகைக்கு எடுக்கும். காலம் முடிந்ததும் நல்லது கெட்டது பார்க்காமல் மொத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிடும். அப்படி லாட்டாக வருவதை வாங்கித் துடைத்து, எஸ்எஸ்டி போட்டு, தேய்ந்ததை மாற்றி விற்கிறார்கள். டிராவல்ஸ் கம்பெனி ஓட்டிக் கழித்த இன்னோவா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: கிலோமீட்டர் ஓடியிருக்கும், ஆனால் ஓடுவதற்கென்றே செய்த வண்டி. கீல் உறுதியாக இருக்கும், கீபோர்டு தட்டத் தட்டச் சுகமாக இருக்கும். டி480-இல் ராம் போட இரண்டு ஸ்லாட், உள்ளே ஒரு பேட்டரி, வெளியே கழற்றக்கூடிய இன்னொன்று. நாளைக்கு ராம் போதவில்லை என்றால் இன்னொன்று வாங்கிச் செருகிவிடலாம். டி480எஸ் என்று பக்கத்திலேயே மெல்லியதாக ஒன்று வைத்திருப்பார்கள். அதில் ஒரு ராம் போர்டோடு சேர்ந்தது, ஸ்லாட் ஒன்றுதான். பெயரில் ஓர் எழுத்து கூடினாலும் நின்று விசாரியுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். "ஐ5 சார், ஐ7 சார்" என்று கடைக்காரர் சொல்வதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7300யூ என்றால் ஏழாம் ஜெனரேஷன், ஐ5-8350யூ என்றால் எட்டாவது. ஐ5-1135ஜி7 என்றால் பதினொன்றாவது. ஏழுக்கும் எட்டுக்கும் இடையில்தான் கோடு. லேப்டாப்பில் போடும் இந்த யூ வரிசை ஐ5, ஐ7 பிராசஸர்களில் ஏழாம் ஜெனரேஷன்வரை இரண்டு கோர்தான். 2017-இல் வந்த எட்டாவதில் அதை நான்காக்கினார்கள். ஒரே வருட வித்தியாசத்தில் இவ்வளவு பெரிய தாவல் அடிக்கடி நடப்பதில்லை. ஆகவே ஏழாம் ஜெனரேஷன் ஐ7-ஐவிட எட்டாம் ஜெனரேஷன் ஐ5 மேல்.

மைக்ரோசாஃப்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் கோடு கிழித்தது. இன்டெல் கோர் வரிசையில் எட்டாம் ஜெனரேஷனிலிருந்துதான் விண்டோஸ் 11-க்கு முறையான அனுமதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். (விலக்காக ஏழாவதில் சில மட்டும் தப்பின.) விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மேலே சொன்ன இரண்டு கோர் செலரான் அனுமதிப் பட்டியலில் இருக்கிறது. அதைவிடப் பலசாலியான ஏழாம் ஜெனரேஷன் ஐ7 வெளியே நிற்கிறது. அதனால் ஆறாவதும் ஏழாவதும் இப்போது மலிவாகக் கிடைக்கும். "விண்டோஸ் 11 போட்டே தருகிறேன்" என்பார்கள். சோதனையைத் தாண்டிப் போட முடியும், ஓடவும் செய்யும். ஆனால் அப்டேட் வந்தே தீரும் என்ற உறுதியை மைக்ரோசாஃப்ட் தருவதில்லை. லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளத் தெரிந்தவருக்கு அது லாபமான சரக்கு. டேலி கற்றுக்கொள்ளப் போகும் பெண்ணுக்கு வேண்டாம்.

குடியுங்கள், ஆறிவிடும்.

கடைக்குப் போனால் என்ன பார்ப்பது? 'ஏ கிரேடு' என்பது வெளித்தோற்றத்தின் கிரேடு. கீறல் இல்லை என்று மட்டுமே அர்த்தம். ஆன் செய்ததும் பயாஸுக்குள் போங்கள்: லெனோவோவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போகிற வகை அல்ல. அடுத்தது இதைவிடச் சூட்சுமமானது. கம்பெனி லேப்டாப்புகளின் அடையாளம் கம்பெனியின் பெயரில் மைக்ரோசாஃப்டிடம் பதிவாகியிருக்கும். திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பதிவை நீக்க மறந்திருந்தால், கடையில் நன்றாக ஓடும்; ஆறு மாதம் கழித்து வீட்டில் ரீசெட் செய்யும்போது ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் திரையில் வந்து ஆபீஸ் ஈமெயில் கேட்டு நிற்கும். எனவே கடையிலேயே, இணையத்தை இணைத்து, உங்கள் கண் முன்னால் ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். நேரம் பிடிக்கும், கடைக்காரர் முகம் சுளிப்பார். பரவாயில்லை.

பேட்டரிக்கு விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் உண்டு. புதிதில் இருந்த கொள்ளளவும் இன்று நிறையும் அளவும் அதில் அடுத்தடுத்து வரும். 50,000-க்கு 30,000 என்றிருந்தால் 60 சதவீதம்தான் மிச்சம். மாற்றும் செலவைச் சேர்த்து விலை பேசுங்கள். டச்பேட் அமுங்காமல் மேலெழும்பி இருந்தால் பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம், தொடாதீர்கள். திரையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நிறம் மாறி வெளிறினால் அது மலிவான 1366 x 768 திரையாக இருக்கலாம். அதே மாடலிலேயே முழு எச்டி, ஐபிஎஸ் திரையோடு வந்தவையும் உண்டு. ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் அதைக் கேளுங்கள், மூன்று வருடம் பார்க்கப் போகிற திரை.

புதுசே வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பெண் ஆர்க்கிடெக்சர் சேர்ந்திருந்தால் நான் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன். முப்பரிமாண வரைபடம், வீடியோ எடிட்டிங், பெரிய கேம் இதற்கெல்லாம் இந்தப் பழசுகளின் கிராபிக்ஸ் போதாது. நாள் முழுக்க பிளக் பாயின்ட் கிடைக்காமல் அலைகிறவருக்கும், ரிப்பேர் கடையே இல்லாத ஊரில் இருப்பவருக்கும் வாரன்டியோடு வரும் புதுசே நல்லது. பட்ஜெட் 50,000-ஐத் தாண்டினால் நானும் புதுசின் பக்கம் சாய்ந்துவிடுவேன். அங்கேயும் எண்ணைப் பார்க்கும் பழக்கம் உதவும். ரைசன் 5 7520யூ என்று ஒன்று வருகிறது. முதலில் இருக்கும் 7-ஐப் பார்த்து புத்தம்புதுசு என்று நினைப்போம். மூன்றாவதாக இருக்கும் 2-ஐப் பாருங்கள். உள்ளே இருக்கும் கோர், ஏஎம்டி 2019-இல் கொண்டுவந்த ஜென் 2.

25,000-இல் மூன்றாயிரம் நாலாயிரத்தைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். பேட்டரியோ ராமோ எப்படியும் கேட்கும். பில்லில் லேப்டாப்பின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள், அடியில் ஒட்டியிருக்கும் நம்பரோடும் பயாஸில் தெரியும் நம்பரோடும் ஒப்பிடுங்கள். வாரன்டி எத்தனை மாதம், அதில் பேட்டரியும் அடாப்டரும் சேர்த்தியா என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு எழுதித் தர மறுத்தால், அந்தத் தெருவில் கடைக்குப் பஞ்சமில்லை.