மெயிலில் அனுப்பிய மன வரைபடம் ஏன் திறக்கவில்லை?

சகோதரிகளே, குழுவின் தொழில் திட்டத்தை நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் கிளைகள் என்று கம்ப்யூட்டரில் வரைவதற்கு மன வரைபடம் என்று பேர். ஃப்ரீமைண்ட் என்ற இலவச மென்பொருளில் வரைந்தால் ஃபைல் பெயர் 'டாட் எம்எம்' என்று முடியும். கடனுக்காக அதை வங்கிக்கு மெயிலில் அனுப்பினால், சில நேரம் அங்கே திறக்காது. ஃபைல் கெட்டுப்போச்சுன்னு மறுபடி உட்கார்ந்து வரைய வேண்டாம்.

மெயிலில் போகும் ஒவ்வொரு ஃபைலோடும் 'இது இன்ன வகை' என்று ஒரு சீட்டு போகும். அதுதான் மைம் வகை. 1992-இல் வந்த ஏற்பாடு. போட்டோவுக்கு 'இமேஜ்/ஜேபெக்'. ஃப்ரீமைண்ட் ஃபைலுக்கு வழக்கத்தில் 'அப்ளிகேஷன்/எக்ஸ்-ஃப்ரீமைண்ட்'. இந்தச் சீட்டு எல்லா கம்ப்யூட்டருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் 'ஏதோ ஒரு ஃபைல்' என்று பொதுவாக எழுதி அனுப்பிவிடும். சீட்டு சரியாக இருந்தாலும், வாங்குகிறவரிடம் அந்த மென்பொருள் இருக்கணுமே!

பெயரை மட்டும் 'டாட் பிடிஎஃப்' என்று மாற்றினால்? உப்பு டப்பா மேல சர்க்கரைன்னு எழுதின மாதிரிதான். மென்பொருளிலேயே 'எக்ஸ்போர்ட்' கொடுத்துப் படமாக மாற்றி, அதையும் சேர்த்து அனுப்புங்க. படம் எல்லா கம்ப்யூட்டரிலும் திறக்கும். ஆனா அதில் கடன் தொகையைத் திருத்த முடியாது. அதனால 'டாட் எம்எம்' ஃபைலை அழிச்சிடாதீங்க.