பாலிஷைப் பார்த்து ஏமாறாதீர்! கட்டிலைப் புரட்டிப் பார்த்து வாங்குவீர்!

செங்கல்பட்டு பக்கம், ஜி.எஸ்.டி. ரோட்டோரம் ஒரு பழைய மரச்சாமான் கடை. தகரக் கொட்டகை. உள்ளே கட்டில் மேல் கட்டில். பீரோவை ஒட்டி பீரோ. வாசலில் கால் போன நாற்காலிகள்.

ஒரு தம்பதி உள்ளே நுழைகிறார்கள். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். நகைக்கும் மண்டபத்துக்கும் கொடுத்தது போக, சீருக்கு மிஞ்சியது சொற்பப் பணம். புதுக் கட்டில் விலையைக் கேட்டுவிட்டு வந்த மலைப்பு இரண்டு பேர் முகத்திலும் அப்படியே இருக்கிறது.

"இன்னா சார் யோசிக்கிறீங்க? பர்மா தேக்கு சார்! கல்லு மாதிரி இருக்கும்" என்கிறார் கடைக்காரர்.

அந்த அம்மாவுக்கு வேறு கவலை. கணவர் காதோரம் குனிந்து, "ஏங்க, பழசுன்னு சம்பந்தி வீட்ல கண்டுபுடிச்சிடுவாங்களா?" என்கிறார்.

துணைக்கு வந்த ஆசாரி சிரிக்கிறார். "பழசுன்னு தெரிஞ்சா தப்பே இல்லம்மா. உளுத்துப் போனதுன்னு தெரிஞ்சாத்தான் தலைகுனிவு."

சொல்லிவிட்டுக் கட்டிலைத் தலைகீழாகப் புரட்டுகிறார். விஷயமே அந்தப் புரட்டலில்தான் இருக்கிறது!

மூர் மார்க்கெட் காலம்

ஒரு காலத்தில் பழைய சாமான் என்றால் சென்னை மூர் மார்க்கெட்தான். செங்கல்பட்டில் ரயிலேறி பூங்கா நிலையத்தில் இறங்கினால் எட்டிப் பிடிக்கும் தூரம். பழைய புத்தகம் முதல் பழைய நாற்காலி வரை எல்லாம் அங்கே கிடைத்தது. 1985-ம் ஆண்டு மே 30-ந் தேதி பிடித்த தீயில் அந்தக் கட்டிடம் அழிந்தது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளத்தில் இடம் கொடுத்தார்கள்.

இன்று அவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டிலும், மாமல்லபுரம் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும், ஊருக்குள் காயலாங்கடைகளிலும் பழைய சாமான் கிடைக்கிறது. வேலை மாற்றலில் வீட்டைக் காலி செய்கிறவர்கள், பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறவர்கள், விடுதியைப் புதுப்பிக்கிறவர்கள் என்று பல கைகள் மாறித்தான் சரக்கு கடைக்கு வருகிறது. நல்ல சரக்கும் வருகிறது. நோய் பிடித்த சரக்கும் வருகிறது. இரண்டுக்கும் மேலே அதே பாலிஷ்!

தண்ணீர் குடித்த பலகை

2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க முடியாது. அடையாறு கரை புரண்டு முடிச்சூர், மேற்குத் தாம்பரம் பக்கமெல்லாம் வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது மறுபடியும் அதே கதை. தண்ணீர் வடிந்ததும் தெருவெல்லாம் கட்டிலும் மெத்தையும் அலமாரியும் குவிந்தன.

அப்படி நனைந்த சாமான் எல்லாமே குப்பைக்குத்தான் போகும் என்று நினைத்தால் தவறு. காய வைத்து, சாயம் அடித்து விற்றால் யாருக்குத் தெரியும்?

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அலமாரியின் முதுகுப் பக்கம் பாருங்கள். தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கோடு தெரியும். கீழ்ப்பக்கத்து ஸ்குரூக்கள் மட்டும் துருவேறி, மேலே உள்ளவை புதுசு போல இருந்தால் சந்தேகமே வேண்டாம். இழுப்பறையைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டுங்கள். பூஞ்சை வாடை பாலிஷ் வாடையையும் மீறி வரும்.

நல்ல தேக்கு மரம் நனைந்தாலும் நிழலில் மெதுவாகக் காய்ந்தால் பிழைத்துக்கொள்ளும். மரத்தூளைப் பசை போட்டு அழுத்திச் செய்த பலகை பிழைக்காது. தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊதும். ஊதியது திரும்பச் சுருங்காது. ஸ்குரூ பிடிக்காது. ஓரத்தில் சன்மைக்கா தூக்கிக்கொண்டு நின்றால் அது அந்த ரகம்தான்.

பிளைவுட் என்றால் முத்திரையைத் தேடுங்கள். ஐ.எஸ். 303 என்பது சாதாரண உபயோகத்துக்கான பிளைவுட். ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மெரைன் பிளைவுட். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் இடத்தில் குடியிருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

தேக்கா? தேக்குச் சாயமா?

கடையில் நுழைந்தால் எல்லாமே தேக்குதான்! வேம்பு, மா, வாகை, ரப்பர் மரம் எல்லாம் சாயம் பூசிக்கொண்டு தேக்காகிவிடும்.

ஆசாரிகள் பார்ப்பது பலகையின் விளிம்பை. முழு மரமாக இருந்தால் மேலே ஓடும் ரேகை விளிம்பிலும் தொடரும். மேலே மெல்லிய தேக்குத் தாள் ஒட்டியிருந்தால் விளிம்பில் ரேகை பட்டென்று நின்றுவிடும். சாயம் எட்டாத அடிப்பக்கத்தில் நகத்தால் சுரண்டினால் மரத்தின் சொந்த நிறம் தெரியும். தேக்கின் வைரப்பகுதி பொன்னும் பழுப்பும் கலந்த நிறம். தொட்டால் லேசாக எண்ணெய்ப் பசை. அந்த எண்ணெய்ச் சத்துதான் கரையானைக் கிட்டே அண்ட விடாமல் தடுக்கிறது.

இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தேக்கே ஆனாலும் ஓரத்து வெள்ளைப்பகுதிக்கு அந்தப் பலம் கிடையாது. பூச்சி முதலில் அங்கேதான் கை வைக்கும். வெள்ளைப்பகுதி அதிகம் தெரிகிற கட்டில் தேக்கு என்ற பெயருக்குத்தான் தேக்கு!

பத்திரிகையை விரியுங்கள்

மரத்தில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரிகிறதா? உளு வண்டு வேலை. பழைய ஓட்டையாக இருந்தால் பூச்சி எப்போதோ வெளியேறியிருக்கலாம். புது மாவு கொட்டினால் பூச்சி உள்ளே இன்னும் விருந்து சாப்பிடுகிறது என்று அர்த்தம்.

சோதனை சுலபம். படித்து முடித்த மாலைப் பத்திரிகையைக் கட்டிலுக்கு அடியில் விரித்து, காலை நாலு தட்டுத் தட்டுங்கள். ஓரிரு நாள் அப்படியே விட்டுப் பாருங்கள். மாவு விழுந்தால் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். "ரெண்டு நாள் கழிச்சு வந்து எடுத்துக்கறேன்" என்றால் நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கரையான் என்றால் மண் கோடு காட்டிக் கொடுக்கும். விரல் முட்டியால் தட்டினால் பொத்தல் சத்தம் கேட்கும்.

மூட்டைப்பூச்சி இன்னும் மோசம். கட்டில் மூட்டுகளிலும் ஸ்குரூ துளைகளிலும் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உஷார்! ரத்தம் குடிக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் பிராணி அது. கடையில் சும்மா கிடந்த கட்டில்தானே என்று நம்பக்கூடாது. பழைய மெத்தையும் தலையணையும் எவ்வளவு சல்லிசாகக் கிடைத்தாலும் வேண்டாம். கட்டிலைப் பிரித்து, மூட்டுகளில் கொதிநீர் ஊற்றி, நன்றாக வெயிலில் காய வைத்த பிறகே வீட்டுக்குள் ஏற்ற வேண்டும்.

உப்புக்காற்று தின்ற பீரோ

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கத்திலிருந்து வரும் இரும்பு பீரோவுக்குத் தனிப் பரிசோதனை தேவை. கடல் காற்றில் உள்ள உப்பு இரும்பை அரித்துவிடும். அதிலும் பீரோவின் அடித்தகடும் கால்களும்தான் முதல் பலி.

மேலே வெள்ளிபோல மின்னும் பெயிண்டைப் பார்க்காதீர்கள். பீரோவைச் சாய்த்து அடித்தகட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். நெளிந்தாலோ, செதில் உதிர்ந்தாலோ வேண்டாம். இரண்டு கதவும் மேலும் கீழும் சரியாகப் பொருந்துகிறதா? லாக்கர் சாவி இரண்டும் இருக்கிறதா? ஒரு சாவிதான் இருக்கிறது என்றால் இன்னொன்று எங்கேயோ, யார் கையிலோ இருக்கிறது! பூட்டை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பழசுக்கு மவுசு

கடற்கரைச் சாலையில் சில கடைகளில் கணக்கே வேறு. அங்கே பழசு ஆக ஆக விலை ஏறும்! செட்டிநாட்டுத் தூண், செதுக்கு வேலைக் கதவு, ஊஞ்சல் பலகை என்று வரிசையாக நிற்கும்.

இதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தில் அந்த நாட்டுத் தேக்கு கப்பலேறி வந்தது. காரைக்குடிப் பக்கம் மாளிகைகள் எழுந்தன. 1942-ல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்ததும் பலருடைய தொழில் அங்கேயே போயிற்று. பின்னாளில் பராமரிக்க முடியாமல் பல மாளிகைகளை இடித்து, தூணையும் கதவையும் விற்றார்கள். அவை எப்படி இருந்தன என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முட்டுக்காடு தட்சிணசித்ராவுக்குப் போகலாம். பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய அருங்காட்சியகம் அது. 1996 முதல் இயங்குகிறது.

அசலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் போலி தெரியும். மேலே நூறு வருஷத்துக் கதை, உள்ளே பளிச்சென்ற புது ஸ்குரூ என்றால் கதையை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்பலாம்.

நிஜமாகவே நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருள் என்றால் 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் குறுக்கே நிற்கும். விற்பவருக்கு லைசென்சு வேண்டும். தனி ஆள் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. கோயில் வாகனம், தேர்ச் சிற்பம் என்று யாராவது காதைக் கடித்தால் பக்கத்திலேயே நிற்க வேண்டாம். அதைத் தேடுவதற்கென்றே 1983 முதல் போலீசில் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு இருக்கிறது!

செல்போன் 'ஆபீசர்'

கடையே வேண்டாம், செல்போனிலேயே வாங்கலாம் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "நான் ராணுவ ஆபீசர். அவசர மாற்றல். சோபா, கட்டில், பிரிட்ஜ் எல்லாம் பாதி விலை" என்று விளம்பரம் வரும். அடையாள அட்டைப் படமும் வரும். "லாரி வாடகையை மட்டும் முன்னாடி அனுப்புங்க" என்பார். பணம் போகும். லாரி வராது!

விற்பவர்களுக்கும் வலை உண்டு. "பணம் அனுப்பறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணி ரகசிய எண்ணைப் போடுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, ரகசிய எண்ணும் தேவையில்லை. போட்டால் நம் பணம்தான் போகும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

ரசீது எங்கே?

கடையில் வாங்கினால் ரசீது கேட்டு வாங்குங்கள். "தேக்கு" என்று சொன்னால் "தேக்கு" என்றே எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுத்து இருந்தால் செங்கல்பட்டில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915.

ரசீதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. திருட்டுச் சாமான் என்று தெரிந்தே வாங்கினால் மூன்று வருஷம் வரை ஜெயில். விற்றவர் பெயரும் விலாசமும் கையில் இருந்தால் நாளை பதில் சொல்லச் சுலபம்.

கடைசியாக, முழுச் செலவையும் கூட்டுங்கள். கட்டில் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குட்டியானை வாடகை 1,200. ஏற்றி இறக்க 500. ஆசாரி கூலி 1,000. பாலிஷ் 1,500. ஆக 10,200 ரூபாய்! அதே பணத்துக்குப் புதுசில் என்ன கிடைக்கும் என்று விசாரித்த பிறகே அட்வான்சை நீட்ட வேண்டும்.

தகரக் கொட்டகையில் ஆசாரி இன்னும் குனிந்தபடி இருக்கிறார். 'பர்மா தேக்கு' என்ற அந்தப் பளபளக் கட்டிலின் நாலு காலிலும் ஒரே உயரத்தில் கறுப்புக் கோடு. வெள்ளத்தில் நின்ற கட்டில்! கடைக்காரர் தலையைச் சொறிகிறார்.

மூலையில் தூசு படிந்து, பாலிஷே இல்லாமல் இன்னொரு கட்டில். புரட்டினால் கோடு இல்லை. தட்டினால் மாவு இல்லை. விளிம்பில் ரேகை ஓடுகிறது. நாலு மூலையையும் அமுக்கினால் ஆட்டம் இல்லை.

"இதுவாங்க?" என்று தயங்குகிறார் அந்த அம்மா.

"இதாம்மா. பாலிஷ் நான் போட்டுத் தர்றேன். பொண்ணு மட்டுமில்ல, பேரப்பிள்ளையும் இதுல படுத்துத் தூங்கும்" என்கிறார் ஆசாரி.

அந்த அம்மா கட்டிலின் தூசை முந்தானையால் துடைக்கிறார். கணவர் பேரத்தை ஆரம்பிக்கிறார்.