சரக்கு வண்டிக்கு வயது பூசும் கலை

குன்னூரை விட்டு உதகைக்குப் புறப்படும் மலை ரயிலுக்கு அடுத்த நிலையம் வெலிங்டன். மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையமும் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரியும் அமைந்த இந்த ஊருக்கு, 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்து நின்ற இருப்புப்பாதை 1908-ல் உதகையை நோக்கி நீண்டபோதுதான் ரயில் வந்து சேர்ந்தது. யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட அந்தப் பாதையில் இன்று ஏறுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் உல்லாசப் பிரயாணிகளே. ஆனால் பிரயாணிகளோடு சரக்கும் மலையேறி இறங்கிய நெடுங்காலம் ஒன்று உண்டு. தேயிலையும் உருளைக்கிழங்கும் சுமந்த அந்தக் காலத்துச் சரக்கு வண்டிகளை நின்று பார்த்தவரும் குறைவு, படம் பிடித்து வைத்தவர் அதனினும் குறைவு. அப்படிப்பட்ட ஒரு வண்டியைக் கைக்கு அடக்கமான சிற்றுருவாகச் செய்து, அதற்கு வர்ணம் தீட்டி, அந்த வர்ணத்தின்மேல் மழையும் வெயிலும் கரியும் துருவும் பல ஆண்டுகள் உழைத்த தோற்றத்தை வரவழைப்பதற்கென்று ஒரு கலை இருக்கிறது. பொம்மை வேலை என்று பலர் ஒதுக்கிவிடும் இந்தக் கலையை, ஒரு வண்டியின் வாழ்க்கையை ஊன்றிப் படிக்கும் வித்தை என்றே நான் மதிக்கிறேன். அதில் இடுகின்ற ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருந்தாக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

முதலில் அளவைப் பற்றிச் சில வார்த்தைகள். சிற்றுரு ரயில்களில் மிகப் பரவலான அளவு எச்.ஓ. எனப்படுவது, அதில் எதுவும் நிஜத்தின் 87-ல் ஒரு பங்கு. நீலகிரிப் பாதையின் அகலம் ஒரு மீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர் வருவதால், மீட்டர் பாதைச் சிற்றுருக்களுக்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் வழக்கமாகிவிட்டது. ஆறு மீட்டர் நீளமுள்ள சரக்கு வண்டி ஏழு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டால் வர்ணம் தீட்டுகிறவருடைய சங்கடம் உடனே விளங்கும். தூரிகையைத் தாராளமாகத் தோய்த்துப் பூசிய பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கு கனத்துக்கு உறைந்துவிட்டால், அது நிஜ வண்டியின்மேல் ஏறக்குறைய ஒன்பது மில்லிமீட்டர் கனத்துக்கு வர்ணத்தை அப்பியதற்குச் சமானம். ரிவெட் கொண்டைகளும் பலகைகளின் இடுக்குகளும் அதற்குள் புதைந்தே போகும். அவ்வாறே, ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு இழுத்துவிட்ட துருக்கோடு நிஜத்தில் ஓர் ஆளின் உள்ளங்கை அகலத்துக்கு வந்துவிடும்.

இனி, இந்த மலை ஒரு வண்டியை என்ன செய்கிறது என்று பார்ப்போம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏற்றம் மிகச் செங்குத்தான இடத்தில் சுமார் பன்னிரண்டு அடிக்கு ஓரடி வீதம் உயர்கிறது; சக்கரத்தின் பிடிப்பை மட்டும் நம்பி அங்கே ஏற முடியாது என்பதனால், சுவிட்ஸர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் வகுத்த முறைப்படி, தண்டவாளங்களின் நடுவே இரட்டைப் பற்சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றிக்கொண்டு ஏறும்படி அமைத்திருக்கிறார்கள். அந்த ஏற்றத்தில் எஞ்சின் வண்டிகளை இழுப்பதில்லை. பள்ளத்துப் பக்கம் நின்று தள்ளுகிறது. இறங்கும்போதும் பள்ளத்துப் பக்கத்திலேயே இருந்து வண்டிகளைத் தாங்கிக்கொண்டு வருகிறது. ஆகவே ஒரு சரக்கு வண்டியின் மேட்டுப்பாளையம் பக்கத்து முனையே நீராவி எஞ்சினின் புகைக்கும் கரிக்கும் அருகில் இருப்பது. அந்த முனை மற்றதைவிட அதிகமாகக் கறுத்திருக்கும் என்று கொள்வதே நியாயம். சமவெளி வண்டிகளின் படத்தைப் பார்த்து இரு முனைகளிலும் ஒரே அளவாகக் கரியைத் தூவுகிறவர், எவ்வளவு கைத்திறன் உடையவராயினும், நீலகிரி வண்டியைச் செய்தவர் ஆகமாட்டார்.

இறக்கத்தில் வேறொரு காரியம் நடக்கிறது. பிரேக் கட்டைகள் சக்கரத்தை நெடுநேரம் அழுத்திப் பிடிக்க, வார்ப்பிரும்புக் கட்டை தேய்ந்து உதிரும் நுண்ணிய தூள் வண்டியின் அடிச்சட்டத்திலும் அச்சுப் பெட்டிகளிலும் படிந்து, மலைக் காற்றின் ஈரத்தில் அங்கேயே துருவாகி, பழுப்பும் சிவப்பும் கலந்த மெல்லிய போர்வையாகிவிடுகிறது. பற்சட்டத்துக்கு இடும் எண்ணெய்ப் பசை அதன்மேல் தெறித்தால் அந்த இடம் மட்டும் கருத்துப் பளபளக்கும். மேற்கூரையின் கதை வேறு. உயரம் கூடக் கூடச் சூரியனின் புற ஊதாக்கதிர் வலுக்கிறது. அந்தக் கதிர் வர்ணத்தைப் பிணைத்து வைத்திருக்கும் பசையைச் சிதைக்க, நிறப்பொடி மட்டும் மேலே சுண்ணாம்புபோலத் தங்கி, செங்காவி வர்ணம் வெளிறி இளஞ்சிவப்பாகிறது. குன்னூர்ப் பக்கத்திலோ ஐப்பசி கார்த்திகை மழை வேறு பலமாகப் பெய்கிறது. கூரையின் விளிம்பிலும் கதவின் கீல்களிலும் தங்கும் நீர் இரும்பைத் தின்னத் தொடங்கினால், துருவுக்கு இரும்பைவிடக் கன அளவு அதிகமாகையால், அது உள்ளிருந்தே வர்ணத்தை உப்பவைத்து உரிக்கிறது. புதுத் துரு ஆரஞ்சு நிறம். பழந்துரு கருமைக்குக் கிட்டத்தட்டச் சமீபித்த பழுப்பு. கடைகளில் துரு என்று பெயரிட்டு விற்கும் ஒரே ஆரஞ்சு வர்ணத்தை எங்கும் பூசிவிடுவதுதான் இந்தக் கலையில் நான் மிகவும் வருந்தும் குறை.

வேலைமுறைக்கு வருவோம். வார்ப்பில் ஒட்டியிருக்கும் எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்பு நீரில் கழுவி உலர்த்திய வண்டிக்குச் சாம்பல் நிறப் பிரைமரை ஏர்பிரஷ்ஷால் மெல்லிய பனிப்படலம்போல் இருமுறை ஓட்ட வேண்டும். பிறகு அடிநிறம். நிஜ வண்டிக்குப் பூசிய அதே செங்காவியை அப்படியே சிற்றுருவுக்குப் பூசினால் அது கண்ணுக்குக் கனத்துத் தெரிகிறது. காரணம் எளிது: ஓரடி தூரத்தில் வைத்து நாம் பார்க்கும் எச்.ஓ. வண்டி, கணக்குப்படி 87 அடிக்கு அப்பால் நிற்கும் வண்டி. இடையிலுள்ள காற்றும் ஒளியும் அந்தத் தூரத்தில் நிறத்தைச் சற்று வெளிறச் செய்துவிடும். ஆதலால் அடிநிறத்தில் சிறிது வெண்மையோ சாம்பலோ கலப்பது உசிதம்.

வெலிங்டன் போன்ற ஊரில் இவ்வேலை செய்கிறவர் மற்றோர் அபாயத்தையும் அறிந்திருக்க வேண்டும். லாக்கர் வகை வர்ணங்களில் உள்ள தின்னர் மிக விரைவாக ஆவியாகிறது. ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கிறது. மூடுபனி நாளில் அந்தக் குளிர்ந்த பரப்பின்மேல் காற்றின் ஈரம் படிந்து, வர்ணம் காய்ந்ததும் பால் தெளித்தாற்போல வெளுத்துவிடும். சன்னலுக்கு வெளியே எதிர்மலை தெரியாத நாளில் வார்னிஷ் புட்டியைத் திறவாதிருப்பதே நலம். திறந்தே ஆகவேண்டுமாயின் அறையைச் சற்றுச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

அடிநிறம் காய்ந்தபின் எழுத்துக்கள். இங்கே சரித்திரம் குறுக்கிடுகிறது. தென்னிந்திய ரயில்வேயும் மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வேயும் மைசூர் ரயில்வேயும் இணைந்து தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல் 14-ல். ஆகவே எந்த ஆண்டின் வண்டியைச் செய்கிறோம் என்று தீர்மானிக்காமல் பக்கவாட்டில் ஓர் எழுத்தும் ஒட்ட முடியாது. வண்டியின் வெற்று எடை, ஏற்றத்தக்க பாரம், கடைசியாகப் பட்டறையில் முழுப் பழுது பார்த்த தேதி ஆகியவை வெள்ளை எழுத்தில் இருக்கும். இந்த எழுத்துக்களை அச்சிட்ட டீகால் என்னும் ஒட்டுத் தாளை ஒட்டுவதற்கு முன் பளபளப்பு வார்னிஷ் பூசிக்கொண்டால் அதன் விளிம்பு வெள்ளித் தகடுபோலத் தெரியாமல் படிந்துகொள்ளும். நிஜ வண்டிகளில் ஊழியர்கள் சாக்குக்கட்டியால் கிறுக்கி வைக்கும் குறிப்புகளையும் வெள்ளைப் பென்சிலைக் கூராகச் சீவி ஓரிரண்டு எழுதலாம். வண்டியில் மனிதர் கை பட்டிருக்கிறது என்பதை அதுபோல் உணர்த்துவது வேறில்லை.

இதன்பின் வருவதே பழமை ஏற்றும் வேலை. வர்ணம் உரிந்த தோற்றம் வேண்டுகிறவர்கள் முன்கூட்டியே, அடிநிறத்துக்கும் கீழே, பழந்துரு நிறத்தைப் பூசி, அதன்மேல் தலைமுடிக்குத் தெளிக்கும் ஹேர் ஸ்பிரேயை ஒரு படலம் தெளித்து, அது உலர்ந்தபின் அக்ரிலிக் செங்காவியை மேலே பூசியிருப்பார்கள். அரைமணி கழித்து வெந்நீரில் நனைத்த கட்டைத் தூரிகையால் கதவின் விளிம்பை மெல்லத் தேய்த்தால், ஹேர் ஸ்பிரே நீரில் கரைய, மேற்பூச்சு செதில் செதிலாக எழும்பிக் கீழேயுள்ள துரு வெளிப்படும். இதைத் தூரிகையால் புள்ளி வைத்துத் தீட்டிய துருவோடு அருகருகே வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பிரத்தியட்சம்: ஒன்று உரிந்தது, மற்றது வரைந்தது.

அடுத்தது கழுவல் பூச்சு. கரும்பழுப்பு எண்ணெய் வர்ணத்தை டர்பன்டைனில் அழுக்குத் தண்ணீர் அளவுக்குக் கரைத்து, தூரிகையின் நுனியால் பலகை இடுக்கில் ஒரு துளி தொட்டால் போதும். அது தானே இடுக்கு வழியாக ஓடி, ரிவெட் கொண்டையைச் சுற்றி வளையமாக நின்றுவிடும். மிகுந்ததை டர்பன்டைன் தொட்ட தூரிகையால் மேலிருந்து கீழாக மட்டும் துடைக்க வேண்டும். மழை நீர் கீழ்நோக்கித்தானே வழிகிறது! அடியிலுள்ள பூச்சு அக்ரிலிக் ஆனால் டர்பன்டைன் அதைக் கரைக்காது. எனினும் இடையில் ஒரு வார்னிஷ் படலம் இருப்பது பாதுகாப்பு. பிரேக் தூளுக்கும் கரிக்கும் சாயப்பொடியே சிறந்தது. ஓவியர்களின் பாஸ்டல் சாக்கை மணல்தாளில் உரசியே அதைச் சுலபமாகப் பெறலாம். பொடியின் மேல் வார்னிஷ் அடித்தால் பாதி நிறம் மறைந்துவிடும் என்பதை எதிர்பார்த்துச் சற்று மிகுதியாகவே இடவேண்டும். கைப்பிடிகளில் இரும்பு மின்னும் இடங்களுக்குச் சாதாரண எழுது பென்சிலின் கரியே போதும். சக்கரத்தின் முகம் துருப்பிடித்திருக்கலாம். தண்டவாளத்தில் உருளும் விளிம்பு எப்போதும் பளிச்சென்றுதான் இருக்க வேண்டும்.

சிற்றுரு ரயில்களில் இந்தப் பழமைத் தோற்றத்துக்குப் பெரும் மதிப்புத் தேடித்தந்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மான்டரே நகரத்தில் வாழ்ந்த ஜான் ஆலன்; 1973-ல் அவர் காலமான சில நாட்களில், அவர் வீட்டினுள் உருவாக்கியிருந்த மலைப் பாதை பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. நம் நாட்டில் புனே நகரத்து ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் இந்தக் கலையைப் பொதுமக்கள் கண்முன் வைத்திருக்கிறது. ஆயினும் வர்ணம் தீட்டுகிறவருக்கு உண்மையான பாடசாலை நிஜ வண்டிதான். பெரம்பூரிலுள்ள சென்னை ரயில் அருங்காட்சியகத்தில் பழைய வண்டிகள் திறந்த வெளியில் நிற்கின்றன, துரு எங்கே தொடங்கி எங்கே வழிகிறது என்று அருகில் நின்று பார்க்கலாம்.

ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைச் செய்கிறவர்களுக்கு இன்னும் ஒரு விஷயம். ஐந்து வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஒரே கலவையால் ஒரே நாளில் பழமை ஏற்றினால், ஐந்தும் ஒரே தேதியில் பிறந்து ஒரே மழையில் நனைந்தவைபோல இருக்கும். நிஜத்தில் ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆண்டில் பட்டறைக்குப் போய் வந்தது. பழுது பார்த்த தேதியை ஒவ்வொரு வண்டிக்கும் முதலில் எழுதிவிட்டு, அந்தத் தேதிக்குத் தக்கபடி அழுக்கை அளந்து இடுவது நல்ல முறை: ஏழெட்டு ஆண்டு ஆனதற்குக் கூரை வெளிறி விளிம்பு உரியட்டும், இரண்டு ஆண்டு ஆனதற்கு அடிச்சட்டத்தில் மட்டும் பிரேக் தூள் படியட்டும், சென்ற மாதம் பட்டறையிலிருந்து வந்ததற்கோ, மேட்டுப்பாளையம் பக்கத்து முனையில் இலேசான கரியைத் தவிர வேறொன்றும் வேண்டியதில்லை.