வெள்ளரிப் பச்சடி சொன்ன பாடம்

"அம்மா, தாவர செல்லுக்கும் விலங்கு செல்லுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டுக்கொண்டே அடுக்களைக்குள் வந்தான் என் பையன். மறுநாள் அவனுக்குப் பரீட்சை. நானோ பச்சடிக்காக வெள்ளரிக்காயை நறுக்கி உப்புப் பிசறி வைத்திருந்தேன். கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்கி நின்றது.

"இதோ பாருடா, உன் பாடம் இங்கேயே இருக்கு!" என்றேன்.

செல் என்பது ஒரு குட்டி வீடு மாதிரி. சுற்றிலும் மெல்லிய சவ்வு. பெரும்பாலான செல்களில், குடும்பத்தலைவி மாதிரி எல்லாவற்றையும் கவனிக்கும் உட்கரு. சக்தி தரும் அடுப்பாக மைட்டோகாண்டிரியா. இதெல்லாம் இரண்டுக்கும் பொது.

தாவர செல்லுக்கு மூன்று சங்கதிகள் கூடுதல். சவ்வுக்கு வெளியே செல்லுலோஸால் ஆன கெட்டிச் சுவர் (கீரையில் நாம் சொல்லும் நார்ச்சத்து இதுதான்). நடுவில் தண்ணீர்த் தொட்டி மாதிரி பெரிய குமிழ். பச்சைப் பாகங்களில் சூரிய ஒளியில் சமைக்கும் பசுங்கணிகம்.

சவ்வு தண்ணீரைச் சுலபமாக விடும். உப்பை அப்படி விடாது. வெளியே உப்பு அதிகமானால் உள்ளேயிருக்கும் தண்ணீர் வெளியே வந்துவிடும். அதுதான் வெள்ளரிக்காய் விட்ட நீர். வாடிய கொத்துமல்லியைத் தண்ணீரில் வைத்தால் நிமிர்கிறதே? தண்ணீர் உள்ளே புகுந்தாலும் சுவர் தாங்கிக்கொள்கிறது. நம் ரத்தச் சிவப்பணுவை வெறும் தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும், பாவம், அதற்குச் சுவர் ஏது?

இதைச் சொல்லும்போது எனக்குப் பழைய நினைவு வந்தது. இதே பையனுக்கு ஒன்றரை வயதில் பேதி. "தண்ணி கொடுத்தா இன்னும் போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்ல, நானும் அரை நாள் கொடுக்காமல் இருந்துவிட்டேன். கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, சிறுநீரும் இல்லை. அலறிக்கொண்டு ஓடினேன். டாக்டர் உப்பு சர்க்கரைக் கரைசலை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார். சாயந்திரம் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தான்.

காரணம் குடலின் செல்களில் இருக்கிறது. உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் திறக்கும் கதவு அவற்றில் உண்டு. பின்னாலேயே தண்ணீரும் நுழையும். பேதியிலும் அந்தக் கதவு வேலை செய்யும். 1971-ல் பங்களாதேஷ் போரின்போது, மேற்கு வங்கம் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்தார். 100-க்கு 30 பேர் வரை இறந்த இடத்தில், சாவு 4-க்கும் கீழே இறங்கியது.

தாய்மார்களே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்:

* ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் போட்டிருக்கும் அளவு சுத்தமான தண்ணீரில் முழுவதும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுங்கள்.
* பாக்கெட் கிடைக்காத அவசரத்துக்கு: காய்ச்சி ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலை தட்டி 6 டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டி அரை டீஸ்பூன் உப்பு.
* கைக்கணக்கு வேண்டாம். உப்பு கூடினால் வெள்ளரிக்காய்க்கு நேர்ந்ததுதான் குழந்தைக்கும்!
* தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.
* குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

"அப்போ எனக்குத் தண்ணியே கொடுக்கலையாம்மா?" என்றான் பையன். பதில் சொல்ல வரவில்லை. பச்சடிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தி வைத்தேன்.