எல்லைப் பகுதித் தமிழ்வழிப் பள்ளிகளில் கணினிக் கல்வி: சொல், வினைவடிவம், விசைப்பலகை

0. முன்னுரை

கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீருமேடு வட்டங்களிலும் தமிழ்வழிப் பள்ளிகள் இயங்கி வருகின்றன. சித்தூர்ப் பகுதியில் தலைமுறைகளாக வாழும் வேளாண் குடியினரின் பிள்ளைகளும், மூணாறு முதலிய இடங்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்பள்ளிகளில் பயில்கின்றனர். 1956 நவம்பர் 1இல் நிகழ்ந்த மாநிலச் சீரமைப்பு இப்பகுதிகளைக் கேரளத்தில் வைத்தது. அதே ஆண்டில் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350அ உறுப்பு தாய்மொழிவழிக் கல்வி பற்றிப் பேசுகிறது. எனினும் அது தொடக்கக் கல்வியை மட்டுமே சுட்டுகிறது. கணினி ஒரு பாடமாக அழுத்தம் பெறுவதோ உயர்நிலை வகுப்புகளில்.

கேரள அரசு 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தைத் தொடங்கியது. 2017இல் அது 'கைட்' என்னும் நிறுவனமாக உருப்பெற்றது. தகவல் தொழில்நுட்பம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் செய்முறையுடன் கூடிய பாடமாக உள்ளது. பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளான குனூ/லினக்ஸ் இயங்குதளம் பயன்படுகிறது. ஆகவே, எல்லைப் பகுதித் தமிழ் மாணவருக்குக் கணினி கிட்டுமா என்பதைவிட, அஃது எம்மொழியில் கிட்டுகிறது என்பதே இன்று எழும் வினா. இக்கட்டுரை அவ்வினாவை மொழிபெயர்ப்பு நோக்கில் ஆராய்கிறது.

1. ஒரு திரை, மூன்று மொழிகள்

தமிழ்வழி மாணவரின் பாடநூல் தமிழில் இருக்கும். திரையில் தோன்றும் கட்டளைப் பட்டிகள் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ அமையலாம். ஆய்வகத்தில் ஆசிரியரின் விளக்கம் இம்மூன்றும் கலந்த பேச்சாக இருக்கக்கூடும். அறிவியல், கணிதப் பாடங்களில் நூலே மாணவருக்கு முதன்மைப் பொருள். நூலின் சொல்லை அறிந்தால் போதும். கணினிப் பாடத்திலோ நூலில் படித்த சொல்லைத் திரையில் அடையாளம் கண்டு, உடனே ஒரு செயலைச் செய்ய வேண்டும். இரண்டும் பொருந்தாவிடில் மாணவர் தேர்வுக் கூடத்திலேயே தடுமாறுவார். எனவே இங்குக் கலைச்சொல் பொருளைச் சுட்டும் பெயராக மட்டுமன்றிச் செயலுக்கு வழிகாட்டும் குறியாகவும் அமைகிறது.

2. ஒலியால் நெருங்கிப் பொருளால் விலகும் சொற்கள்

தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள் என்பதால் மலையாளக் கட்டளைச் சொற்கள் தமிழ் மாணவருக்கு எளிதில் விளங்கும் என எண்ண இடமுண்டு. இது பாதி உண்மையே.

கோப்பைத் திறக்கும் கட்டளை மலையாளத்தில் 'துறக்குக'. இது தமிழ்த் 'திற' என்பதன் இனச்சொல். 'கதவத் தொற' என்னும் தமிழ்ப் பேச்சு வழக்கு மலையாள வடிவத்திற்கு இன்னும் அண்மையில் நிற்கிறது. ஆனால் எழுத்துத் தமிழில் 'துற' என்பது விட்டு நீங்குதலைக் குறிக்கும். பேச்சைக் கொண்டு பொருள் காணும் மாணவர் சரியான இடத்தை அடைவார். எழுத்தைக் கொண்டு பொருள் காண்பவரோ நேர்மாறான பொருளை அடைவார்.

வெட்டுதலுக்கான கட்டளை 'முறிக்குக'. தமிழில் 'முறி' என்பது கிளையையோ எலும்பையோ உடைத்தலாகும். எழுத்துத் தொடரை வெட்டியெடுத்து வேறிடத்தில் ஒட்டுதல் அதில் அடங்காது.

சேமித்தலுக்கான கட்டளை 'சூக்ஷிக்குக'. மலையாளத்தில் இச்சொல்லுக்குப் பத்திரமாக வைத்தல், எச்சரிக்கையாக இருத்தல் என இரு பொருள் உண்டு. சாலையோர எச்சரிக்கைப் பலகைகளில் இச்சொல்லைக் கண்டு பழகிய மாணவர், திரையில் அதைக் காணும்போது செய்துவரும் வேலையில் ஏதோ ஆபத்து நேர்ந்ததாகக் கருதலாம்.

'அடய்க்குக' என்பதன் நிலை வேறு. 'கதவை அடை' என்னும் வழக்குத் தமிழிலும் உண்டு. எனவே தமிழ் மென்பொருள்களில் வரும் 'மூடு' என்பதோடு இதனைப் பொருத்திக் காட்டுதல் எளிது. ஆகவே இனச்சொற்கள் அனைத்தையும் ஏற்பதும் அனைத்தையும் விலக்குவதும் பொருந்தா. ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆய்ந்து கொள்ள வேண்டும்.

3. வினைவடிவச் சிக்கல்

சொல்லைவிட ஆழமான சிக்கல் வினைவடிவத்தில் உள்ளது. மலையாளத்தில் '-உக' ஈறு பெற்ற ஒரே வடிவம் மூன்று பணிகளைச் செய்கிறது: (அ) திரையில் கட்டளைப் பெயர், (ஆ) பாடநூலில் மாணவருக்குக் கூறும் அறிவுறுத்தல், (இ) அகராதியில் வினையின் தலைச்சொல். தமிழில் இப்பணிகள் வெவ்வேறு வடிவங்களுக்கு உரியவை. திரையில் 'திற', பாடநூலில் 'திறக்கவும்', தலைப்பில் 'திறத்தல்'.

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. திரையில் உள்ள 'திற' என்பது பயன்படுத்துபவர் பொறிக்கு இடும் ஏவல். ஆகவே மரியாதை விகுதி வேண்டா. 'திறக்கவும்' என்பது நூலாசிரியர் மாணவரிடம் கூறுவது. பேசுவோரும் கேட்போரும் மாறும்போது வடிவமும் மாறுகிறது. மலையாள மூலத்தில் இவ்வேறுபாடு புலப்படாமையால், தமிழாக்குவோர் ஒவ்வோர் இடத்திலும் யார் யாரிடம் பேசுகிறார் எனக் கேட்டுக்கொள்ள வேண்டியவராகிறார்.

மயக்கத்தைப் பெருக்குவது தமிழ் வியங்கோள். 'எழுதுக' என்னும் வடிவம் இரு மொழிகளின் வினாத்தாள்களிலும் ஒன்றுபோலவே காணப்படும். இதனைக் கொண்டு '-உக' எங்கும் தமிழில் செல்லும் என மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்தல் கூடும். 'ஒட்டுக', 'வெட்டுக' என்பன தமிழ் வடிவங்களே. ஆயின் 'திறக்குக', 'சேமிக்குக' என்பன அல்ல. இவற்றின் வியங்கோள் 'திறக்க', 'சேமிக்க' என்றாகும். இவை செயவென் எச்சத்தோடு வடிவொத்தவை. 'கோப்பைச் சேமிக்க' என்பது 'சேமிப்பதற்கு' எனவும் 'சேமிப்பீராக' எனவும் இருபொருள் படும். படிப்படியாகச் செயலை விளக்கும் பாடத்தில் இம்மயக்கம் ஒரு படியையே மறைத்துவிடும். '-உம்' சேர்த்த 'சேமிக்கவும்' என்னும் வடிவம் இதனைத் தவிர்க்கிறது. அறிவுறுத்தல் படிகள் அனைத்திலும் இவ்வடிவத்தையே சீராகப் பயன்படுத்துதல் நன்று.

4. விசைப்பலகை

தமிழ்த் தட்டச்சிற்கு இரு முறைகள் இங்குக் கருதத்தக்கன. ஒன்று இன்ஸ்கிரிப்ட், 1991ஆம் ஆண்டின் இஸ்கி தரத்தில் இடம்பெற்ற இது, இந்திய எழுத்துகளுக்குப் பொதுவான அமைப்பு. மற்றொன்று தமிழ்99, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாகத் தமிழ்நாடு அரசின் தரமானது. குனூ/லினக்ஸில் இரண்டும் கிடைக்கின்றன. கேரளப் பள்ளிகளில் மலையாளம் இன்ஸ்கிரிப்ட் முறையில் கற்பிக்கப்படுகிறது.

இன்ஸ்கிரிப்டில் ஒத்த எழுத்துகளுக்கு ஒரே விசை. மலையாள 'மழ', தமிழ் 'மழை' ஆகிய இரண்டிலும் 'ம', 'ழ' என்பவற்றின் விசைகள் ஒன்றே. தமிழில் ஐகாரக் குறி மட்டும் கூடும். மலையாளச் சந்திரக்கலையும் தமிழ்ப் புள்ளியும் ஒரே விசையில் அமைகின்றன. இரு மொழி எழுதும் மாணவர் ஒருமுறை விரல் பழகினால் போதும்.

தமிழ்99 தமிழின் எழுத்துப் புணர்ச்சியையே விதியாகக் கொண்டது. மெய் இரட்டித்தாலும், மெல்லெழுத்தை அடுத்து அதன் இனவல்லெழுத்து வந்தாலும் புள்ளி தானே விழும். 'தங்கம்' என எழுத இன்ஸ்கிரிப்டில் மேல்மாற்று விசை நீங்கலாக ஆறு விசைகள் தேவை. தமிழ்99இல் ஐந்தே போதும். உயிரும் மெய்யும் மேல்மாற்று விசையின்றியே கிட்டும். தமிழை மட்டும் மிகுதியாக எழுதுவோர்க்கு இதுவே ஏற்றது.

இவற்றுள் எது சிறந்தது என்னும் பொது வினா இங்குப் பயன் தராது. எட்டாம் வகுப்பில் மலையாளத்தோடு இணைத்து இன்ஸ்கிரிப்டைக் கற்பித்து, பத்தாம் வகுப்பிற்குள் தமிழ்99ஐ அறிமுகம் செய்தல் தக்கது என்பது இக்கட்டுரையின் கருத்து. முன்னது கேரளத் தேர்வுக்கும் அலுவலுக்கும் உதவும். பின்னது பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ தேனிக்கோ மேற்படிப்பிற்குச் செல்வோர்க்கு உதவும்.

5. முடிவுரை

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் எழுத்துத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. விண்ணப்பங்கள் கணினி வழியே செல்லும் காலத்தில், தமிழில் தட்டச்சிடத் தெரியாதவருக்கு அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடும். ஆகவே இப்பள்ளிகளுக்கான பாடநூலில் ஒவ்வொரு கட்டளைக்கும் தமிழ்ச் சொல், திரையில் தோன்றும் மலையாளச் சொல், ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பு ஆகிய மூன்றையும் ஒரே வரிசையில் தரும் பட்டியல் இன்றியமையாதது. பொருள் விலகும் இனச்சொற்களை அப்பட்டியலில் தனியே குறித்துக் காட்டல் வேண்டும். இது கணினி ஆசிரியர் ஒருவரால் மட்டும் முடியும் பணியன்று. இரு மொழியும் அறிந்த மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் உடன் அமர்ந்து செய்ய வேண்டியது.