உடைந்த சுங்கான் சொல்லும் காலம்

திருவனந்தபுரத்தில் வலியசாலை காந்தளூர் மகாதேவர் கோயிலிலிருந்து மேற்கே நடந்து கிள்ளிப்பாலத்தைத் தாண்டினால் சாலைக் கம்போளம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசன் உருவாக்கிய சந்தை. அன்றைய திருவிதாங்கூருக்குப் புகையிலை கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. மலையாளத்தில் அதற்கு ‘ஜாப்பாணம்’ என்றே பெயர். அதன் வியாபாரம் நெடுங்காலம் அரசின் ஏகபோகம். 1860-களில் திவான் மாதவராவ் காலத்தில்தான் அந்தப் பிடி தளர்ந்தது.

இத்தனை புகையிலை இறங்கிய ஊரின் மண்ணில் அதன் தடயம் ஏதும் உண்டா? வெற்றிலையோடு மென்றவர்கள் துப்பிவிட்டுப் போனார்கள். சுருட்டுப் பிடித்தவர்கள் சாம்பலைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான்.

ஐரோப்பியர்கள் அப்படிப் போகவில்லை. அவர்கள் புகைத்தது களிமண் சுங்கானில். வெண்களிமண்ணை உருட்டி, கம்பியால் துளையிட்டு, அச்சில் அழுத்திச் சுட்ட மலிவான பொருள். கை தவறினால் முறியும். முறிந்ததைக் குப்பையில் எறிவார்கள். லண்டனில் 1619-லும் நெதர்லாந்தின் கவுடா நகரில் 1660-லும் சுங்கான் செய்பவர்களுக்கெனத் தனிச் சங்கங்கள் அமைந்தன. கப்பலேறிய டச்சுக்காரர்களோடு சுங்கானும் வந்தது. கல்பாக்கத்தை அடுத்த சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டையில் தொல்லியல் துறை அகழ்ந்தபோது, சீனப் பீங்கான் சில்லுகளோடு களிமண் சுங்கான்களும் வெளிப்பட்டன.

சேகரிப்பவர்களை மயக்குவது இந்தக் குப்பைதான். உடையாத பொருள் பேரன் காலம்வரை புழங்கும். அது எந்த ஆண்டைச் சேர்ந்தது என்று சொல்வது கடினம். சுங்கானோ வாங்கிய சூட்டிலேயே உடைந்து மண்ணுக்குப் போய்விடும். அதனால் அது கிடைக்கும் மண்ணடுக்கின் வயதையும் சொல்லிவிடும். புகையிலை அரிதாக இருந்த காலத்தில் சுங்கானின் கிண்ணம் சிறியது. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது. தண்டு நீள, துளை குறுகியது. 1954-இல் அமெரிக்கத் தொல்லியலாளர் ஹாரிங்டன் இந்தத் துளைகளை டிரில் பிட்டுகளால் அளந்து ஒரு கால அட்டவணையே போட்டார். 1/8 அங்குலம் என்றால் பெரும்பாலும் 1620–1650. 1/16 அங்குலம் என்றால் 1750–1800. ஒற்றைத் துண்டை வைத்து முடிவு கட்டக் கூடாது. நிறையத் துண்டுகள் வேண்டும். அதுவும் ஆங்கிலேயச் சுங்கான்களுக்கான கணக்கு. டச்சுச் சுங்கானுக்குக் கிண்ணத்தின் அடியில் உள்ள குதிகாலில் குத்திய முத்திரைதான் ஜாதகம்.

இன்றும் களிமண் சுங்கானில் புகைப்பவர்கள் உலகில் உண்டு. புதுச் சுங்கான் ஈரத்தை உறிஞ்சி உதட்டில் ஒட்டும். கிண்ணம் கையைச் சுடும். கறை ஏறினால் தணலில் போட்டு மறுபடி வெளுக்க வைக்கலாம். நுரையீரலை அப்படி வெளுக்க முடியாது. அந்தக் கால ஐரோப்பியக் கல்லறை எலும்புக்கூடுகள் சிலவற்றின் முன்பற்களில் வட்டமான பள்ளம் தெரிகிறது. தண்டைக் கடித்தே தேய்ந்த பற்கள் அவை. 

சேர்ப்பதற்கும் வரம்பு உண்டு. பாதுகாக்கப்பட்ட கோட்டை மண்ணில் கண்ணில் பட்டதை எடுத்துப் பையில் போடக் கூடாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள். உரிமம் இல்லாமல் அதை வியாபாரம் செய்ய முடியாது. சுங்கான் துண்டைக் கிடந்த இடத்திலிருந்து பெயர்த்தால் அதன் சாட்சியமும் போய்விடும். மிஞ்சுவது அரைவிரல் நீள ஓட்டைக் குச்சி.